நாலடி அகலம்

பெரியவள் மொட்டை மாடிக்குப் போனது காய்ந்த துணியை எடுத்து வரத்தான். போன இடத்தில் அவளுடைய ஓரகத்தி வெறுந்தரையில் மல்லாந்து கிடந்தாள். பக்கத்தில் கொழுந்தனும் அதே மாதிரி. இரண்டு பேரையும் சுற்றிச் சாக்பீஸால் ஒரு நீளக் கட்டம்.

"அக்கா, அக்கா! கோட்டை மிதிச்சிடாதீங்க. நீங்க நிக்கிறது சமையல்கட்டு" என்று படுத்தபடியே கூவினாள் சின்னவள்.

பெரியவள் குனிந்து பார்த்தாள். அவள் கால் கட்டைவிரலுக்கு முன்னால் 'அடுப்பு' என்று எழுதியிருந்தது.

விஷயம் இதுதான். அண்ணன், தம்பி இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில். கீழே பெரியவர், மேலே சின்னவன். பெரியவரை வெளியே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஃபிட்டர் என்றால்தான் தெரியும். பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறையில் மீசை முளைத்த நாளிலிருந்து சட்டம் அடிக்கிறவர். சின்னவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். அவனுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம்கூட முடியவில்லை. அவனும் மனைவியும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். தங்களுடைய சின்னக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற மாதிரி, உள்ளே இரண்டு பேர் படுத்துத் தூங்குகிற மாதிரி, சக்கரம் வைத்த ஒரு பெட்டி வீட்டைச் சொந்தமாகச் செய்துகொள்வது. ட்ரெய்லர் என்றார்கள். லீவு கிடைத்தால் மலைப்பக்கமோ ஏரிக்கரையோ போய் அதிலேயே தங்குவார்களாம். பின்பக்கக் கதவைத் தூக்கினால் அடுப்பு, உள்ளே மெத்தை, பக்கத்துக்கு ஒரு ஜன்னல்.

"அகலம் நாலடி போதுமான்னு பார்க்கிறோம் அண்ணி" என்றான் சின்னவன். "ப்ளைவுட் எட்டுக்கு நாலுன்னுதான் வருது. நாலடின்னா ஒரே பலகையில தரை முடிஞ்சிடும். ஒட்டுப் போட வேண்டாம்."

"நாலடியில ரெண்டு பேரா? புரண்டு படுக்க வேண்டாமா?"

சின்னவள் புருஷன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். "எங்களுக்கு மூணடியே தாராளம்கா."

பெரியவள் துணியை வாரிக்கொண்டு இறங்கினாள். கீழே அவர்களுடைய கட்டில் ஆறடி அகலம். இந்த ஓரத்தில் அவள், அந்த ஓரத்தில் அவர். நடுவில் மகள் சின்னப் பிள்ளையாகப் படுத்திருந்த இடம், அவள் விடுதியில் தங்கிப் படிக்கப் போன பிறகும் அப்படியே காலியாகக் கிடந்தது. துணியை அந்த இடத்தில் கொட்டி மடிக்க ஆரம்பித்தாள். சின்னவளின் நைட்டி ஒன்று கலந்து வந்துவிட்டது. அதை மட்டும் மடிக்காமல் சுருட்டி ஓரமாகப் போட்டாள்.

அதோடு நின்றிருந்தால் ஒரு முணுமுணுப்போடு போயிருக்கும். ஆனால் அன்று மாலை ஃபிட்டர் வேலையிலிருந்து வந்து கைகால் கழுவி உட்கார்ந்ததும் சின்னவள் படியிறங்கி வந்தாள். கையில் பென்சிலால் போட்ட படம்.

"மாமா, சட்டம் எதுல அடிக்கலாம்? இரும்பா, அலுமினியமா, மரமா? இவர் ஒன்னு சொல்றார், எனக்கு ஒன்னு தோணுது. நீங்க சொல்லுங்க."

ஃபிட்டரைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மனுஷர் தங்கம். வாய் மட்டும் பூட்டின கடை. வீட்டில் அவர் பேச்சு மூன்று சொல்லுக்குள் அடங்கும்: ம், சரி, பார்க்கலாம். கோபம் வந்தால் அந்த மூன்றும் கிடையாது. கல்யாணமான புதிதில் பெரியவளும் ஆசையாகக் கேட்டுப் பார்த்தாள், "இன்னைக்கு என்ன வேலை?" என்று. "பஸ்" என்று பதில் வந்தது. மறுநாள் கேட்டாள். மறுநாளும் பஸ்தான். அதற்கப்புறம் கேட்பதை விட்டுவிட்டுத் தையல் மிஷினோடு பேசப் பழகிக்கொண்டாள். வீட்டிலேயே சீட் கவரும் ஜன்னல் திரையும் தைத்துக் கொடுப்பது அவள் தொழில்.

அந்தப் பூட்டின கடைதான் அன்று திறந்தது.

"அலுமினியம் கனம் கம்மிதான். ஆனா நம்ம வெல்டிங் மிஷின்ல அது ஒட்டாது. அதுக்கு வேற மிஷின், வேற கை வேணும். ரிவெட் அடிச்சு விட்டா, ஓடுற ஓட்டத்துல ஒவ்வொண்ணா ஆட ஆரம்பிக்கும். அதனால அடிச்சட்டம் மட்டும் இரும்பு. அதுலயும் 'ட' மாதிரி மடிச்ச ஆங்கிள் வேண்டாம், சதுர பைப் போதும். ரெண்டு அங்குல பைப். மேல் கூட்டுக்கு மரச்சட்டம், அதுமேல மெல்லிசா ப்ளைவுட். உங்க கார் பூனைக்குட்டி மாதிரி. அதுக்குப் பின்னால யானையைக் கட்ட முடியாது."

"ஏன் மாமா, ஆங்கிள் பைப்பைவிட தடியாத்தானே இருக்கு?"

ஃபிட்டர் எழுந்து போனார். பெரியவள் நூல்கண்டு போட்டு வைத்திருந்த அட்டைப்பெட்டியை எடுத்து, கண்டுகளைக் கீழே கொட்டிவிட்டு வந்தார். மூடியோடு முறுக்கிக் காட்டினார். மூடியைக் கிழித்தெறிந்துவிட்டு முறுக்கிக் காட்டினார்.

"பார்த்தியா? நாலு பக்கமும் மூடினது நிக்குது. திறந்தது துவளுது. தடிமன்ல இல்லம்மா விஷயம்."

சின்னவள் வாங்கித் தானும் முறுக்கிப் பார்த்து, "அட, ஆமா!" என்றாள். ஃபிட்டர் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார்.

டீத் தட்டோடு சமையலறை வாசலில் நின்ற பெரியவளுக்கு அந்தப் பல்லைப் பார்த்ததும் அடிவயிற்றில் தீ பற்றியது. தப்பாக எதுவும் இல்லை, அது அவளுக்கே தெரியும். சின்னவள் அவரைப் பெற்ற தகப்பன் மாதிரிதான் நடத்தினாள். இது வேறு எரிச்சல். தன் வீட்டுக் கிணறு வறண்ட கிணறு என்று இத்தனை காலம் நினைத்துத் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவள், அடுத்த வீட்டுக்காரி வந்து வாளியை விட்டதும் தளும்பத் தளும்பத் தண்ணீர் வருவதைப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. போதாக்குறைக்கு அவள் நூல்கண்டெல்லாம் தரையில் உருண்டுகொண்டிருந்தது.

அன்று ஆரம்பித்தது நாள் தவறாமல் நடந்தது. சின்னவனும் கடையடைத்துவிட்டு வந்து சேர்ந்துகொள்வான். சக்கரத்தைச் சரியாக நடுவில் வைக்கக் கூடாது, கொஞ்சம் பின்தள்ளி வைக்க வேண்டும். மொத்தக் கனத்தில் பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கிமேல் உட்கார வேண்டும். பாரம் பின்னால் போனால் வண்டி வாலாட்டும். உள்ளே உட்கார்ந்தால் தலை இடிக்காத உயரம் எவ்வளவு என்று பார்க்கச் சின்னவளைத் தரையில் உட்காரவைத்து அளவு எடுத்தார்கள். அவள் நெடுநெடுவென்று வளர்ந்தவள். "கொண்டையோட அளக்கவா, கொண்டை இல்லாமலா?" என்று ஃபிட்டர் கேட்டார். ஃபிட்டர் ஜோக் அடித்தார்!

கூடத்தில் சிரிப்புச் சத்தம் எழும்போதெல்லாம் பெரியவள் மிஷின் பெடலை ஓங்கி மிதித்தாள். அந்த வாரம் தைத்த சீட் கவரில் பாதித் தையலைப் பிரித்துப் போட வேண்டி வந்தது.

ஒருநாள் அவர்கள் மாடிக்குப் போனதும் அவளே போய் அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்ன அப்படி ஒரு பேச்சு?"

"ட்ரெய்லர்."

"அது தெரியுது. இவ்வளவு நேரமா என்ன சொன்னீங்க?"

"சட்டம்."

"சட்டத்துல என்ன?"

"உனக்கெதுக்கு அதெல்லாம்" என்றார் ஃபிட்டர். வெறுப்பாகச் சொல்லவில்லை. தொந்தரவு செய்ய வேண்டாமே என்கிற மாதிரிதான் சொன்னார். ஆனாலும் அது மீன்முள் மாதிரி அவள் தொண்டையில் குறுக்கே நின்றுகொண்டது.

அதற்கு மறுநாளோ அடுத்த நாளோ, ஆண்கள் இல்லாத நடுப்பகலில், சின்னவள் ட்ரெய்லருக்குத் திரைத்துணி பார்க்க இறங்கி வந்தாள். பெரியவள் துணிகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினாள். காட்டிக்கொண்டே, ஊசியில் நூல் கோர்ப்பது போல மெல்லப் பேச்சைக் கோர்த்தாள்.

"ஆமா, மேல் கூடு மரத்துலயா அடிக்கப் போறாங்க?"

"ஆமாக்கா. மாமாதான் சொன்னார்."

"ஓ. பஸ்ஸுக்கு அவர் மரத்துலயா அடிக்கிறார்?"

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்ல, சும்மா கேட்டேன். ஊரார் பஸ்ஸுக்கெல்லாம் இரும்பு, சொந்தத் தம்பிக்கு மரக்கட்டை. காட்டுக்குள்ள போய் நிறுத்துவீங்க. ராத்திரி ஒரு கிளை முறிஞ்சு மேல விழுந்தா அந்த அப்பளப் பலகை தாங்குமா? உள்ளே படுத்திருக்கறது நீயும் அவனுமாச்சே."

சின்னவளுக்கு இயல்பிலேயே பயந்த மனசு. கையிலிருந்த துணி அப்படியே நின்றது. "அப்போ மாமா ஏன்க்கா அப்படிச் சொன்னார்?"

"சுளுவா முடியட்டும்னு பார்க்கிறார். நீயா வாய் விட்டுக் கேட்டா செய்வார். முழுக்க ஆங்கிள்ல அடிச்சு மேல இரும்புத் தகடு போடச் சொல்லு. கோட்டை மாதிரி நிக்கும். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே. அவர் வேலையில நான் மூக்கை நுழைச்சா அவருக்குப் பிடிக்காது."

பூனைக்குட்டி, யானை என்று அவர் கூடத்தில் சொன்னது பெரியவள் காதிலும் விழுந்துதான் இருந்தது. சின்னவள் மறந்திருக்கலாம், இவள் மறக்கவில்லை. அப்படியென்றால் வண்டி கெட்டுப்போக வேண்டும் என்றா நினைத்தாள்? அதுகூட இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு 'முடியாது'. தையல் மிஷினுக்கு மேலே ஒரு அலமாரி அடித்துத் தாருங்கள் என்று அவள் கேட்டபோது, "தலை இடிக்கும், முடியாது" என்று ஒரே வெட்டாக வெட்டினாரே, அந்த 'முடியாது'. அதை அவர் சின்னவளிடமும் சொல்ல வேண்டும். அதைத் தன் காதால் கேட்டுவிட்டால் போதும், வயிறு குளிர்ந்துவிடும்.

அன்று மாலை மிஷினை ஓட்டாமல், ஒரு பித்தானைத் தைப்பது போலக் கையில் வைத்துக்கொண்டு காதைத் தீட்டி உட்கார்ந்தாள்.

"மாமா, மரம் வேண்டாம் மாமா. முழுக்க இரும்புலயே அடிச்சிடுங்க. மேலயும் தகடு."

"கனம் கூடுமே, அம்மா."

"பரவாயில்லை மாமா. எனக்கு உள்ளே படுக்கப் பயமா இருக்கு. இரும்புன்னா நிம்மதியாத் தூங்குவேன்."

பெரியவள் பித்தானோடு கூடத்துப் பக்கம் சாய்ந்தாள்.

"சரி. அடிச்சிடலாம்" என்றார் ஃபிட்டர்.

ஊசி அவள் விரலில் ஏறியது. ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே, 'அடியுங்க, நல்லா அடியுங்க' என்று மனதுக்குள் கறுவினாள். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம். அவள் தடுக்கவில்லை.

பட்டறையின் பின்பக்க முற்றத்தில் வேலை நடந்தது. முதலாளி இடம் கொடுத்தார். அண்ணன் சரி என்றதும் சின்னவனும் இரும்புக்கு மறுப்புச் சொல்லவில்லை. வேலை முடிந்த பிறகும் விடுமுறையிலும் ஃபிட்டர் அங்கேயே கிடந்தார். வீட்டுக்கு வரும்போது சட்டையில் பொறி பட்ட ஓட்டைகளும், முகத்தில் ஒரு தெளிவும் இருக்கும். சாப்பாட்டைக்கூட ருசித்துச் சாப்பிட்டார். பஸ் அடித்துவிட்டு வந்த எந்த நாளிலும் அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. யாரோ சொன்ன அளவுக்கு யாரோ போகிற வண்டியைச் செய்கிறவருக்கு, முதல்முறையாக 'நீங்க சொல்லுங்க' என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். அதனால் வந்த முகம் அது. பெரியவளுக்குப் புரியத்தான் செய்தது. புரிந்ததனால் எரிச்சல் ஒரு பிடி கூடியதே தவிரக் குறையவில்லை.

வண்டி முடிந்து மஞ்சள் பெயின்ட்டும் அடித்தாகிவிட்டது. ஒரு விடுமுறைக் காலையில் எல்லோரும் பட்டறைக்குப் போனார்கள். ஃபிட்டரோடு வேலை செய்கிறவர்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். வெல்டர் ஒருவர், பெயின்டர் ஒருவர், சீட் போடுகிறவர் ஒருவர். மஞ்சள் பெட்டி வெயிலில் பளபளவென்று நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூலைகளெல்லாம் கத்தி மாதிரி. ஒரு பற்றவைப்புத் தடம்கூட வெளியே தெரியவில்லை. சின்னவள் அதன் கன்னத்தைத் தடவுவது போலத் தகட்டைத் தடவினாள்.

சின்னவன் காரைப் பின்னால் எடுத்து வந்து நிறுத்தினான். நாலு பேர் சேர்ந்து ட்ரெய்லரின் மூக்கைத் தூக்கிக் கொக்கியில் மாட்டிக் கையை எடுத்தார்கள்.

கார் உட்கார்ந்துவிட்டது.

நாய் உட்காருகிற மாதிரி பின்பக்கம் தரையோடு உட்கார, முன்விளக்குகள் இரண்டும் ஆகாயத்தைப் பார்த்தன. சின்னவன் வண்டியைக் கிளப்பினான். முற்றத்திலிருந்து தெருவுக்குப் போக ஒரு சின்ன ஏற்றம். பாதி ஏற்றத்தில் கார் முக்கியது, முனகியது, கருகல் நாற்றம் அடித்தது, அப்புறம் அப்படியே பின்னால் சரிய ஆரம்பித்தது. வெல்டர் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

"ஃபிட்டரே, படுக்கப் போறது ரெண்டு பேரா, ரெண்டு எருமையா?" என்றார் பெயின்டர்.

"பேசாம நம்ம பஸ்ஸுல ஒன்னைக் கட்டி இழுங்கப்பா" என்றார் சீட் போடுகிறவர். "அப்படியே காரையும் அதுல ஏத்திடலாம்."

சிரிப்பு பரவியது. பெரியவளுக்கும் முதல் கணம் நெஞ்சில் பால் வார்த்த மாதிரிதான் இருந்தது. சின்னவளின் வாய் கோணுவதைப் பார்த்தாள், கண்ணில் நீர் கட்டுவதைப் பார்த்தாள். 'போ, மூணடியில படுத்துக்கோ' என்று நினைத்தாள். பிறகு அவள் பார்வை தன் புருஷன்மேல் விழுந்தது.

ஃபிட்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தான் செய்த வண்டியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தது. கூடவே வேலை செய்கிறவர்கள் முன்னால், இத்தனை வருஷம் 'ஃபிட்டர் கை வைத்தால் கேள்வியே கிடையாது' என்று சொன்னவர்கள் முன்னால், சட்டியைத் திருடி மாட்டிக்கொண்டவர் போல நின்றார். வார்த்த பால் அவள் நெஞ்சிலேயே திரிந்துபோனது.

காரிலிருந்து இறங்கிக் கதவை அறைந்து சாத்தினான் சின்னவன்.

"என்னண்ணா இது? உனக்குத் தெரியாதா? நீதானே கனம் ஆகாது ஆகாதுன்னு சொன்ன?"

ஃபிட்டர் குனிந்து, சக்கரத்துக்கு வைத்த கல்லைச் சரிசெய்தார்.

"மாமாவை ஒன்னும் சொல்லாதீங்க" என்றாள் சின்னவள். "நான்தான் இரும்பு வேணும்னு..." சொல்லிக்கொண்டே பெரியவள் பக்கம் திரும்பினாள். கொடுத்த வாக்கை மீறாமல், வாயை இறுக்கிக்கொண்டு பார்த்தாள். பெரியவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ ஆயிரம் சொல்லுவ. தெரிஞ்சவர் அவர்தானே?" சின்னவனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "சரிதான். பஸ் அடிக்கிறவன்கிட்ட கொடுத்தா பஸ்தான் அடிப்பான். இத்தனை வருஷமா இரும்பைத் தூக்கித் தூக்கி மூளையும் இரும்பாயிடுச்சு."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். வெல்டர் மெல்ல நகர்ந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார். மற்றவர்களும் அவர் பின்னாலேயே போனார்கள்.

"நாக்கை அடக்கிப் பேசு தம்பி" என்றாள் பெரியவள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நான்தான் அவகிட்ட சொன்னேன். இரும்புல அடிக்கச் சொல்லுன்னு நான்தான் ஏத்திவிட்டேன். கனம் ஆகாதுன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்."

சின்னவன் வாயைப் பிளந்தான். "ஏன் அண்ணி?"

"வயித்தெரிச்சல். வேற என்ன?"

மறைக்க இனி ஒன்றுமில்லை என்று ஆனபின் அவளுக்கு வார்த்தை தானாக வந்தது. "எனக்கு இவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்கறதுன்னா கல்லுல நார் உரிக்கணும். இவ வந்து படத்தை நீட்டினா சாயங்காலம் பூரா பேசறார். ஜோக் அடிக்கிறார். நீங்க ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டுப் படுத்துக்கிட்டுச் சிரிக்கறீங்க. நானும் மனுஷிதானே? பொறுக்கல. இவளுக்கும் ஒரு தடவை முடியாதுன்னு சொல்லுவார்னு பார்த்தேன். சொல்லல."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழவில்லை, வியர்வைதான்.

ஃபிட்டர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். "அவ சொன்னா என்ன? அடிச்ச கை என் கைதானே" என்றார் தம்பியிடம். "கனம்னு தெரிஞ்சேதான் அடிச்சேன். கொக்கியைக் கழட்டு."

சின்னவள் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். பெரியவள் கூப்பிட்டபோது திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஃபிட்டர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்து அவள் எதிரிலேயே நின்றாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஆசையாக் கேட்டா. முடியாதுன்னு சொல்ல வாய் வரல" என்றார்.

"என்கிட்ட மட்டும் நல்லா வருது."

ஃபிட்டர் அதற்கு என்ன சொல்வதென்று யோசித்தார். யோசித்து, யோசித்து, கடைசியில் "ம்" என்றார்.

மறுநாளே கட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பார்த்துப் பார்த்துப் பற்றவைத்த தகட்டையெல்லாம் தன் கையாலேயே அறுத்தெடுத்தார். அடிச்சட்டத்தைச் சதுர பைப்பில் மறுபடி அடித்தார். மேல் கூட்டுக்கு மரம், அதுமேல் மெல்லிய ப்ளைவுட், மழைக்கு மூன்று பூச்சு மஞ்சள் பெயின்ட். முதலில் சொன்னது எதுவோ அது. சின்னவன் அண்ணனிடம் மன்னிப்பு என்று வாய் திறந்து கேட்கவில்லை; தினமும் போய் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தான். அண்ணன் தம்பிக்குள் அது போதுமானதாக இருந்தது.

பெண்களுக்குள் அப்படி முடியவில்லை. சின்னவள் படியிறங்கினால் நேரே வாசலுக்குப் போவாள். கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தாலும் கண்ணைத் திருப்ப மாட்டாள். பெரியவள் இரண்டு முறை பேசிப் பார்த்தாள். இரண்டு முறையும் சுவரோடு பேசிய மாதிரி ஆனது. குழம்பு கொடுத்தனுப்பினாள்; பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வாசற்படியில் வைத்திருந்தது. சாப்பிட்டார்களா, கொட்டினார்களா என்று தெரியவில்லை. செய்தது பெரிய தப்பு என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கவிழ்த்த பாத்திரத்தைப் பார்த்தபோது, 'ரொம்பத்தான் பண்றா' என்று பழைய எரிச்சல் எட்டிப் பார்க்காமல் இல்லை.

கடைசியில் மெத்தைதான் சின்னவளை இறக்கிக் கொண்டுவந்தது. சக்கரத்துக்காக உட்புறம் இரண்டு பக்கமும் புடைத்திருக்கிற இடத்துக்கு ஏற்ப மெத்தையில் மூலை வெட்ட வேண்டும், அந்த வெட்டுக்குத் தகுந்த மாதிரி உறை தைக்க வேண்டும். நாலு கடை ஏறி இறங்கியிருக்கிறாள். எல்லோரும் நேரான மெத்தை என்றால் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

வாசலில் நின்றுகொண்டே, "இந்த அளவுக்கு உறை வேணும்" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

பெரியவள் டேப்பை எடுத்தாள். "உள்ளே வா. நின்னுக்கிட்டே எப்படிச் சொல்லுவ?"

சின்னவள் வந்தாள், உட்கார்ந்தாள். மூலைவெட்டைக் கையால் காட்டினாள். பெரியவள் காகிதத்தில் வெட்டி, தரையில் வைத்து, சரியா என்று கேட்டாள். துணியை விரித்து வெட்ட ஆரம்பித்தாள்.

"இன்னும் எரியுதா?" என்று திடீரென்று கேட்டாள் சின்னவள்.

பெரியவள் கத்தரியை நிறுத்தி யோசித்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. "கொஞ்சம் எரியுது. முன்ன மாதிரி இல்ல."

"நான் உங்களை நம்பினேன்கா. நீங்க சொன்னதுக்கப்புறம்தான் எனக்குப் பயமே வந்துச்சு."

"தெரியும். அதனாலதான் எனக்கே என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கல."

சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். "உறை நல்லா வரலைன்னா அப்புறம் இருக்கு உங்களுக்கு" என்றாள். மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. ஆனால் போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

உறை அச்சுப் பிசகாமல் வந்தது. கேட்காமலேயே பெரியவள் திரையும் தைத்தாள், நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட துணியில். வண்டியைக் கொக்கியில் மாட்டியபோது கார் ஒரு விரல்கடை இறங்கியது, அவ்வளவுதான். ஏற்றத்தில் சிரமப்படாமல் ஏறிப்போனது. சின்னவள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். மாமாவைப் பார்த்து ஒரு பெரிய ஆட்டு. அக்காவைப் பார்த்து ஒரு சின்ன ஆட்டு. பெரியவள் இரண்டையும் அளந்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் போனில் ஒரு படம் வந்தது. ஏரிக்கரை. மஞ்சள் வண்டியின் பின்கதவு தூக்கியிருக்க, அதன் நிழலில் இரண்டு பேரும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கையில் கோப்பை. சின்னவள் தலை அவன் தோளில். பெரியவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள், சின்னதாக்கிப் பார்த்தாள். வயிறு எரிந்தது. ஆனால் திரை மட்டும் மடிப்புக் கலையாமல் அழகாக விழுந்திருந்தது. அதையும் பார்த்தாள்.

சாயங்காலம் ஃபிட்டரிடம் காட்டினாள். அவர் மனிதர்களைப் பார்க்கவில்லை; வண்டி மட்டமாக நிற்கிறதா என்று பார்த்தார். "ம். மட்டம்தான்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். எழுந்து போவார் என்று நினைத்தாள். போகவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துத் தையல் மிஷின் பக்கமாகப் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். எதையோ தூக்கப் போகிறவர் போல இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார்.

"இன்னைக்கு ஒரு பஸ் வந்துச்சு" என்றார்.

பெரியவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

"அவசரக் கதவு இருக்கு இல்ல, பின்னால. அதுல கீல் சரியில்ல. மேல் கீலு ஒரு மாதிரி, கீழ் கீலு ஒரு மாதிரி. யாரோ பழசை எடுத்து மாட்டியிருக்கான். அதைக் கழட்டினா உள்ளே பட்டை துருப்பிடிச்சிருக்கு. பட்டையை மாத்தணும்னா தகட்டைப் பிரிக்கணும். தகட்டைப் பிரிச்சா..."

அவர் பிரித்துக்கொண்டே போனார். கீலிலிருந்து பட்டைக்கு, பட்டையிலிருந்து போல்ட்டுக்கு, போல்ட்டிலிருந்து அதை மாட்டின ஆளின் யோக்கியதைக்கு. பெரியவளுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. கொட்டாவி வந்தது, வாயை மூடியே விழுங்கினாள். இதைக் கேட்கவா இத்தனை நாள் வெந்து நீறானோம் என்று ஒரு பக்கம் சிரிப்பாக வந்தது.

நடுவில் அவர் நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "போதுமா?" என்று கேட்டார். பரீட்சை எழுதிவிட்டு வாத்தியாரைப் பார்க்கிற பையன் மாதிரி இருந்தது.

"கீழ் கீலு என்ன ஆச்சு? அதைச் சொல்லாம விட்டுட்டீங்களே" என்றாள் பெரியவள்.